வெள்ளை போர்டு

சென்னையை நான் நூலகம் நூலகமாகத்தான் கற்றுக்கொண்டேன். எழும்பூர் என்றால் எனக்குக் கன்னிமாரா. பாரிமுனை என்றால் லிங்கிச் செட்டித் தெருவில் இருந்த மறைமலையடிகள் நூல்நிலையம். பெசன்ட் நகர் என்றால் உ.வே.சா. நூல்நிலையம். முகப்பேர் என்றால் ரோஜா முத்தையா. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடையில் கிடந்த ஊர் முழுவதையும் பல்லவன் பஸ்ஸின் ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்து மனத்தில் ஏற்றிக்கொண்டேன். இன்றும் யாராவது ஒரு தெருப்பெயரைச் சொன்னால் முதலில் எனக்கு அந்தப் பக்கம் போகும் பஸ்தான் நினைவுக்கு வருகிறது. தெரு பிறகு வரும்.

1995 ஜூலையில் கோவில்பட்டியிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து எழும்பூரில் இறங்கினேன். அப்போது அது மீட்டர்கேஜ் வண்டி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. தமிழ் படிக்க இடம் கிடைத்திருந்தது. அப்பா தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றில் கணக்கெழுதினார். மாதம் அவர் அனுப்பும் மணியார்டரில் அறை வாடகையும் மெஸ்ஸுக்குக் கட்டுவதும் போக மிச்சமிருப்பது மிகவும் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில்தான் நோட்டு, பேனா, சோப்பு, பழைய புத்தகம், பஸ் எல்லாம். அதனால் பஸ் கட்டணம் என்பது எனக்குச் சில்லறை விஷயமாக இருந்ததே இல்லை. எந்த நூலகத்துக்குப் போகலாம், எதற்குப் போக முடியாது என்பதை அதுதான் முடிவு செய்தது.

திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன். மூன்று பேருக்கு ஒரு அறை. எங்கள் அறையில் மூத்தவர் புதுக்கோட்டைக்காரர், வரலாற்றில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். வந்த மறுநாள் காலை என்னை அண்ணா சதுக்கம் பஸ் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் நிற்க வைத்தார். எந்த பஸ்ஸிலும் ஏறவில்லை. சும்மா நின்று பார்க்கச் சொன்னார்.

"தம்பி, நம்பரைப் பின்னாடி பாத்துக்கலாம். மொதல்ல போர்டு கலரைப் பாரு. வெள்ளைன்னா கண்ணை மூடிட்டு ஏறு. மத்ததுன்னா பையில காசு இருக்கான்னு பாத்துட்டு ஏறு."

வெள்ளை போர்டு சாதாரண பஸ். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிற்கும், மெதுவாகப் போகும், கட்டணம் குறைவு. எல்.எஸ்.எஸ். என்று எழுதியிருந்தால் நிறுத்தங்கள் குறைவு, கட்டணம் கூடுதல். இந்த ஒரு பாடத்தை மட்டும் தெரிந்துகொண்டால் போதும், சென்னையில் பணமில்லாதவனும் எங்கே வேண்டுமானாலும் போய் வரலாம் என்றார் அண்ணன். என் படிப்புக்காலம் முழுவதும் அது உண்மையாகவே இருந்தது.

நான் வந்த நேரம் ஊரே பெயர் மாறிக்கொண்டிருந்த நேரம். 1972இல் தொடங்கிய பல்லவன் போக்குவரத்துக் கழகம் 1994இல் இரண்டாகப் பிரிந்து, வடசென்னைக்கு டாக்டர் அம்பேத்கர் போக்குவரத்துக் கழகம் வந்திருந்தது. ஆனாலும் ஜனங்கள் எல்லாவற்றையும் பல்லவன் என்றே சொன்னார்கள். 1996இல் மெட்ராஸ் அதிகாரபூர்வமாகச் சென்னை ஆயிற்று. எங்கள் பக்கத்தில் அதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே பட்டணம் என்றுதான் பேச்சு. பிரகாசம் சாலையைப் பிராட்வே என்றும், பாரதி சாலையைப் பைகிராப்ட்ஸ் ரோடு என்றும், அண்ணா சாலையை மவுண்ட் ரோடு என்றும் கண்டக்டர்கள் கூவினார்கள். பலகையில் ஒரு பெயர், வாயில் ஒரு பெயர். வெளியூர்ப் பையன் இரண்டையும் சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது.

கடற்கரைச் சாலை மட்டும் எனக்கு வந்த நாளிலிருந்தே சொந்த ஊர் மாதிரி இருந்தது. காரணம், அங்கே பஸ் நிறுத்தங்களே என் பாடத்திட்டம்தான். "கண்ணகி சிலை எறங்கு, கண்ணகி சிலை" என்று கண்டக்டர் கத்துவார். 1968 ஜனவரியில் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி அந்தச் சாலையில் வைத்த சிலைகள் அவை. வள்ளுவர், ஔவையார், கம்பர், இளங்கோவடிகள், வீரமாமுனிவர், போப், கால்டுவெல், பாரதி, பாரதிதாசன் என்று வரிசையாக நிற்கிறார்கள். கோவில்பட்டியில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் கால்டுவெல் என்பது ஒரு மதிப்பெண் கேள்வி. இங்கே அவர் பக்கத்தில் நின்று மாங்காய் பத்தை தின்றபடி பஸ்ஸுக்குக் காத்திருக்கலாம். ஒரு நகரம் தன் புலவர்களைப் பஸ் நிறுத்தங்களாக வைத்துக்கொண்டிருப்பதை நான் மிகவும் பெரிய விஷயமாக நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். கண்ணகி சிலையை 2001 டிசம்பரில் எடுத்தபோது எனக்கு ஏற்பட்ட வருத்தத்துக்கு அந்த பஸ் நிறுத்தமும் ஒரு காரணம். 2006இல் திரும்ப வைத்தார்கள்.

பஸ்ஸுக்குள் நான் கண்ட முதல் அதிசயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கண்டக்டர் கூட்டத்துக்குள் நீந்தி நீந்தி ஒவ்வொருவரிடமும் வருவார். "அண்ணாச்சி, உங்களுக்கு எங்க?" என்று கேட்டு டிக்கெட் கிழித்துக் கொடுப்பார். சென்னையில் கண்டக்டர் பின்வாசலை ஒட்டிய தம் இருக்கையை விட்டு எழுந்திருக்க மாட்டார். பணம்தான் அவரிடம் நடந்து போகும். முன்வாசலில் ஏறிய ஓர் அம்மா ஐந்து ரூபாய்த் தாளை நீளவாக்கில் இரண்டாக மடித்துப் பக்கத்தில் நிற்பவரிடம் கொடுத்து, "ஒரு ராயப்பேட்டை, பாஸ் பண்ணுங்க" என்பார். அவர் அடுத்தவருக்கு. அடுத்தவர் அதற்கடுத்தவருக்கு. ஒவ்வொரு கை மாறும்போதும் "ஒரு ராயப்பேட்டை" என்ற சொல்லும் கூடவே போகும். மீன்கூடை வைத்திருக்கும் கை, மோதிரம் போட்ட கை, கிரீஸ் கறை படிந்த கை, கோயில் கயிறு கட்டிய கை. தலைக்கு மேலே கம்பியைப் பிடித்திருக்கும் ஆள் ஒரு கணம் கம்பியை விட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு மறுபடி பிடித்துக்கொள்வார். கடைசியில் கண்டக்டர் தாளை வாங்கி விரலிடுக்கில் செருகிக்கொண்டு, டிக்கெட்டைக் கிழித்து, சில்லறையை அந்த டிக்கெட்டிலேயே பொதிந்து திருப்பி அனுப்புவார். வந்த வழியே அத்தனை கைகளையும் தாண்டி அது அந்த அம்மாவிடம் போய்ச் சேரும்.

காசு குறைந்து போய்ச் சேர்ந்து நான் ஒரு முறையும் பார்த்ததில்லை. யார் கொடுத்தது, யாருக்குப் போகிறது என்று பாதிப்பேருக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. பட்டணத்து ஆட்கள் ஏமாற்றுவார்கள், பர்ஸை உள்பையில் வை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள் ஊரில். அந்த எச்சரிக்கையில் கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். ஆனால் முன்பின் தெரியாத பத்துப் பேர் என் ஐந்து ரூபாயைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதைத் தினமும் பார்த்தபின் எனக்கு இந்த ஊரின் மேல் இருந்த பயம் போய்விட்டது. சென்னையின் குணம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

சரி, நூலகங்களுக்கு வருகிறேன்.

முதலில் கன்னிமாரா. 1896இல் திறந்தது. இந்தியாவில் வெளியாகும் நூல்களெல்லாம் சட்டப்படி ஒரு பிரதி வந்துசேர வேண்டிய நூலகங்களில் ஒன்று. மாதக் கடைசியில் பஸ்ஸுக்கு யோசிக்க வேண்டியிருக்கும்போது நான் நடந்தே போவேன். திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையிலிருந்து மவுண்ட் ரோட்டைக் கடந்து, ஹாரிஸ் பாலத்தில் கூவத்தைத் தாண்டி, புதுப்பேட்டையில் பழைய மோட்டார் சாமான் கடைகளுக்கு நடுவே புகுந்தால் பாந்தியன் சாலை வந்துவிடும். புதுப்பேட்டைத் தெருவில் கார் கதவுகள் சுவரில் சாய்ந்திருக்கும். பம்பர்கள் தோரணம் போலத் தொங்கும். அந்த எண்ணெய் வாடையிலிருந்து வெளியே வந்து அருங்காட்சியக வளாகத்து மரநிழலுக்குள் நுழைந்தால் உடம்பே தணிந்துபோகும். வேண்டிய புத்தகத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்போம். காத்திருக்கும் நேரத்தில் பழைய கட்டடத்தின் கூடத்தைப் பார்க்க அனுமதி கேட்பேன். வண்ணக் கண்ணாடி ஜன்னல், உயர்ந்த வளைவுகள், தேக்கு அலமாரிகள். படிப்பதற்கென்று இப்படி ஓர் அரண்மனையைக் கட்ட யாருக்கோ மனம் வந்திருக்கிறதே என்று தோன்றும்.

எங்கள் சேப்பாக்கம் வளாகத்திலேயே, பல்கலைக்கழக நூலகக் கட்டடத்தில், அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இருந்தது. அதற்குப் பஸ்ஸே வேண்டாம். எழும்பூர் ரயிலடிப் பக்கம் ஆவணக் காப்பகம். இவை இரண்டும் எனக்கு அதிகம் வாய்க்கவில்லை. என் ஆய்வு வேறு பக்கம் திரும்பிவிட்டது.

எம்.ஏ. முடித்து எம்.ஃபில். சேர்ந்ததும் நான் எடுத்துக்கொண்ட பொருள் பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்கள். நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை, தேசிங்குராஜன் கதை போன்றவை. எங்கள் பாட்டி இவற்றைப் பிறர் வாசிக்கக் கேட்டே மனப்பாடமாகச் சொல்வாள். திருவிழாக் கடைகளில் பாயில் விரித்து விற்கும் புத்தகங்கள் அவை. பல்கலைக்கழகத்தார் நெடுங்காலம் அவற்றை மதிக்கவில்லை. ஆகவே எல்லாப் பதிப்பும் ஓரிடத்தில் கிடைக்காது. ஒரு பதிப்பு இங்கே இருந்தால் இன்னொன்று ஊரின் மறுகோடியில் இருக்கும். பஸ்தான் என் ஆராய்ச்சிக்கு இரண்டாவது வழிகாட்டி என்று எங்கள் பேராசிரியரே சொல்வார்.

லிங்கிச் செட்டித் தெருவுக்கு நான் போனது பறக்கும் ரயிலில். நான் வந்த அதே 1995இன் நவம்பரில்தான் கடற்கரை நிலையத்திலிருந்து சேப்பாக்கம் வரை அந்த ரயில் ஓடத் தொடங்கியது. 1997இல் மயிலாப்பூருக்கு நீண்டது. அந்த முதல் துண்டு எனக்காகவே போட்டதுபோல் இருந்தது. கிரிக்கெட் மைதானத்துப் பின்னால் ஏறினால் கடற்கரை நிலையம். அங்கே இறங்கி நடந்தால் ஜார்ஜ் டவுன். ஆரம்ப நாட்களில் ரயிலில் கூட்டமே இருக்காது. படியேறிப் போக வேண்டும், நிலையம் இருட்டாக இருக்கிறது, வண்டி அடிக்கடி இல்லை என்று ஜனங்கள் முணுமுணுத்தார்கள். அந்தக் குறைகள் உண்மைதான். ஆனாலும் கூவத்துக்கு மேலே வீடுகளின் மொட்டைமாடி உயரத்தில் போகும்போது ஊர் வேறாகத் தெரியும். மாடியில் வடகம் காயும். தண்ணீர்த்தொட்டி நிழலில் ஒரு பையன் படித்துக்கொண்டிருப்பான். கோட்டை நிலையம் தாண்டினால் கடல்காற்று வாசனை. தெருவிலிருந்து பார்த்தபோது நெருக்கிய ஊர், மேலிருந்து பார்த்தபோது இளகிவிட்டது.

ஜார்ஜ் டவுன் தெருக்களில் கைவண்டிக்கு வழிவிட்டுத்தான் நடக்க வேண்டும். தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, அங்கப்ப நாயக்கன் தெரு என்று அடுத்தடுத்து நேர்கோட்டில் ஓடும் தெருக்கள். காகிதக் கடை, மருந்துக் கடை, கப்பல் ஏஜெண்டுகளின் அலுவலகம், நடுவில் காளிகாம்பாள் கோயில் மணி. அந்தச் சந்தடிக்குள் மாடியேறிப் போனால் மறைமலையடிகள் நூல்நிலையம். 1950இல் அடிகள் மறைந்தார். அவர் தம் வாழ்நாளில் சேர்த்த நூல்களை மூலமாகக் கொண்டு 1958இல் அமைந்தது அது. புத்தகத்தின் ஓரங்களில் அவர் பென்சிலால் கோடிட்ட பக்கங்களைப் பார்க்கலாம். ஒருவர் எந்த வரியில் நின்று யோசித்தார் என்பதை அவரே காட்டித் தருவதுபோல இருக்கும். வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் அங்கே தினமும் வருவார். என்னிடம், "எங்கிருந்து வர்றீங்க தம்பி, சாப்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் தம் புத்தகத்தைத் திறப்பார். அவர் பெயரை நான் கேட்டுக்கொண்டதே இல்லை.

பழைய புத்தகங்களில் ஒரு சௌகரியம் உண்டு. முகப்புப் பக்கத்திலேயே பதிப்பாளர் தம் தெருப்பெயரை அச்சிட்டிருப்பார். பெரிய எழுத்துப் புத்தகங்களில் பி. இரத்தின நாயகர் ஸன்ஸ் வெளியீடுகள் ஏராளம். எல்லாவற்றிலும் கொண்டித்தோப்பு என்று முகவரி இருக்கும். கோவில்பட்டியில் பாட்டி வீட்டுப் பரணில் கிடந்த நல்லதங்காளிலும் அதே கொண்டித்தோப்பு. சின்ன வயதில் அதை ஏதோ கதையில் வரும் தோப்பு என்று நினைத்திருந்தேன். ஒருநாள் அந்த அச்சிட்ட முகவரியையே வரைபடமாக வைத்துக்கொண்டு, பிராட்வேயில் விசாரித்துப் புறப்பட்டேன். பேசின்பிரிட்ஜ் பக்கத்துக் குறுகிய தெருக்கள், திண்ணை வைத்த வீடுகள், குழாயடி. மரமென்று ஒன்று இரண்டுதான். வடசென்னையை அதற்கு முன் நான் பார்த்திருக்கவில்லை. எங்கள் கரிசல் காட்டுக் கிழவிகளை அழவைத்த கதைகள் அச்சாகி மூட்டை கட்டிப் புறப்பட்ட தெருக்கள் இவை என்று நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. கடைகளில் விசாரித்தவர்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வழி சொன்னார்கள். ஒரு பெரியவர், "இன்னா கண்ணு, கதை புக்கா தேடினு வந்தே? படிக்கிற புள்ளையா?" என்று கேட்டு, டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார்.

முகப்பேருக்குப் போவது நீண்ட பயணம். ஒரு பஸ்ஸில் அண்ணா நகர் போய், அங்கிருந்து இன்னொன்று. கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தனியொருவராகச் சேர்த்த நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சிதறாமல் காக்கப்பட்டு, 1994இல் அங்கே ஆராய்ச்சி நூலகமாகியிருந்தன. பின்னால் அது தரமணிக்கு மாறியது. நாடக நோட்டீசு, பாட்டுப் புத்தகம், கல்யாண வாழ்த்து மடல் என்று யாரும் சேர்க்காததையெல்லாம் சேர்த்து வைத்த மனிதர் அவர். என் ஆய்வேட்டில் பாதி அங்கிருந்து வந்தது. என் வகுப்புத் தோழி ஒருத்திக்கும் அங்கேதான் வேலை இருந்தது. ஆனால் மாலை விடுதி கேட் மூடுவதற்குள் அவள் திரும்ப வேண்டும். போக வர ஆகும் நேரத்தைக் கழித்தால் படிக்க இரண்டு மணிகூட மிஞ்சாது. அவளுக்கும் சேர்த்து நான் சில பக்கங்களைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். ஒரே வகுப்பு, ஒரே பல்கலைக்கழகம், ஒரே ஊர். எனக்குக் கிடைத்த தூரம் அவளுக்குக் கிடைக்கவில்லை. இதை நான் அன்றைக்கே சரியில்லை என்று உணர்ந்தேன்.

எல்லாவற்றையும்விட எனக்கு நெருக்கமான வழித்தடம் 29சி. பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் பஸ். மயிலாப்பூர் வரை நடந்தோ வேறு பஸ்ஸிலோ போய், லூஸில் அதைப் பிடிப்பேன். மந்தைவெளி தாண்டி அடையாற்றுப் பாலத்தில் ஏறியதும் ஜன்னல் பக்கத்தில் ஆறு அகன்று கடலோடு கலக்கிற இடம் தெரியும். பக்கத்திலேயே பழைய எல்பின்ஸ்டன் பாலத்தின் உடைந்த மிச்சம். பிறகு பிரம்மஞான சபையின் மரங்கள். கடைசி நிறுத்தத்தில் இறங்கி, அருண்டேல் கடற்கரைச் சாலையில் கலாக்ஷேத்ரா பக்கமாக நடந்தால் உ.வே. சாமிநாதையர் நூல்நிலையம்.

நான் தங்கியிருந்த மேன்ஷனுக்குப் பக்கத்தில்தான், பிள்ளையார் கோயில் தெருவில், ஐயர் வாழ்ந்த தியாகராச விலாசம் இருந்தது. கும்பகோணத்திலிருந்து 1903இல் மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகி அவர் சென்னை வந்தார். எங்கிருந்தோ ஊருக்குப் புதிதாக வந்து, திருவல்லிக்கேணியில் குடியிருந்து, கடற்கரைச் சாலைக் கல்லூரிக்குப் போய்வந்த மனிதர். அந்த ஒற்றுமை எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் வந்த நாளில் பஸ் கிடையாது; 1895இல் தொடங்கி 1953 வரை டிராம் ஓடிய ஊர் இது. போர்க்காலத்தில் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றம் போயிருந்த இடத்தில் 1942 ஏப்ரலில் ஐயர் காலமானார். மறுவருஷம் ருக்மிணி தேவி அருண்டேல் அவருடைய சுவடிகளையும் நூல்களையும் கொண்டு அடையாற்றில் அந்த நூல்நிலையத்தை ஏற்படுத்தினார். ஆக, அவருடைய ஏடுகள் திருவல்லிக்கேணியிலிருந்து அடையாற்றுக்குப் போன அதே திசையில்தான் நானும் வாரந்தோறும் போய்க்கொண்டிருந்தேன்.

அங்கே முதன்முதலாக ஓர் ஏட்டுச்சுவடியைக் கையில் வாங்கியது நன்றாக நினைவிருக்கிறது. எலுமிச்சம்புல் தைலத்தின் வாசனை. ஓலை நான் நினைத்ததைவிட லேசாக இருந்தது. நேராகப் பிடித்தால் எழுத்தே தெரியவில்லை. ஜன்னல் பக்கம் திருப்பிச் சற்றுச் சாய்த்ததும் கீறல்களில் ஒளி விழுந்து எழுத்துகள் எழுந்து வந்தன. மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் வேறுபாடு கிடையாது. ஒரு வரியை இப்படியா அப்படியா என்று பிரித்துப் படிப்பதற்குள் எனக்கு அரைமணி நேரம் போயிற்று. இப்படி எத்தனை ஆயிரம் வரிகளை ஐயர் படித்திருப்பார்! சிந்தாமணியும் பத்துப்பாட்டும் சிலம்பும் புறநானூறும் இப்படிச் சாய்த்துப் பார்த்த ஓலைகளிலிருந்து நமக்கு வந்தவை என்பது வகுப்பில் கேட்டபோது ஒரு செய்தி. கையில் ஓலையைப் பிடித்தபோதுதான் அது என்ன உழைப்பு என்று விளங்கியது. அவரும் ஊர் ஊராக மாட்டுவண்டியிலும் ரயிலிலும் போய்த்தானே ஏடு தேடினார்.

மாலையில் நூலகம் மூடியதும் எலியட்ஸ் கடற்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, மறுபடி 29சி. வேலை முடிந்து திரும்பும் பெண்கள், டியூஷன் பிள்ளைகள், பூக்காரம்மா. மடியில் என் குறிப்பு நோட்டு. அடையாற்றுப் பாலத்தில் காற்று வரும்போது பக்கங்கள் படபடக்கும். பல்கலைக்கழகம் எனக்குச் சேப்பாக்கத்தில் ஒரு கட்டடமாக இருக்கவில்லை. எழும்பூரிலும் ஜார்ஜ் டவுனிலும் முகப்பேரிலும் பெசன்ட் நகரிலும் துண்டு துண்டாகக் கிடந்தது. அத்துண்டுகளை ஒன்றாகத் தைத்துக் கொடுத்தவை வெள்ளை போர்டு பஸ்கள்.

அந்த இடங்களில் பல இன்று அங்கே இல்லை. தியாகராச விலாசத்தை இடித்துவிட்டார்கள். அதைக் காப்பாற்றத் தவறியது தமிழ்நாட்டுக்கு நல்ல பெயர் அல்ல. மறைமலையடிகள் நூல்கள் லிங்கிச் செட்டித் தெருவை விட்டுக் கன்னிமாரா கட்டடத்துக்கு வந்துவிட்டன. மீட்டர்கேஜ் மின்சார ரயில் 2004இல் நின்றுபோயிற்று. 1931இல் தொடங்கியது அது. 2007இல் பறக்கும் ரயில் வேளச்சேரி வரை போய்விட்டது. கோட்டூர்புரம் நிலையத்தில் இறங்கினால் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு நடந்து போகலாம். கீழ்த்திசைச் சுவடிகளும் அங்கேதான் இருக்கின்றன. தரமணி பக்கம் போனால் ரோஜா முத்தையாவும் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும். என் காலத்தில் நாள் முழுக்க அலைந்து பார்த்தவற்றில் பாதியை ஒரே ரயில் தடத்தில் பார்த்துவிடலாம். 29சி இன்னமும் ஓடுகிறது. 2021 முதல் சாதாரண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. என் வகுப்புத் தோழி இன்று மாணவியாக இருந்திருந்தால் கட்டணத்தைப் பற்றி அவள் யோசிக்க வேண்டியிருக்காது.

சென்னைக்குப் படிக்க வரும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். செல்போனில் வண்டி கூப்பிட்டு வாசலில் ஏறி வாசலில் இறங்கினால் நேரம் மிச்சமாகும், ஊர் கிடைக்காது. முதல் மாதம் மட்டுமாவது சாதாரண பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கடைசி நிறுத்தம் வரை போய் வாருங்கள். அப்படியே கன்னிமாராவிலும் உ.வே.சா. நூல்நிலையத்திலும் ஒருமுறை ஏறி இறங்குங்கள். உங்கள் பாடம் பொறியியலாக இருந்தாலும் சரி.

அரசாங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். 2018இல் கட்டணம் ஏறியபோது முதலில் அடிபட்டவர்கள் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிற பிள்ளைகள்தான். சாதாரண பஸ்களின் எண்ணிக்கையைக் குறைத்துச் சொகுசு பஸ்களைக் கூட்டாதீர்கள். எந்த நூலகமாக இருந்தாலும், அது மூடுகிற நேரத்தில் அதன் வாசலுக்கு ஒரு சாதாரணக் கட்டண பஸ் வந்து நிற்கும்படி செய்யுங்கள்.